ரன் ஓவருக்குப் பிறகு எஞ்சினில் இருக்கும் இருவர்: ரயில்வே கோட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ரயில் இயக்கும் கோட்டங்களின் அதிகாரிகளுக்கும், ஓட்டுநர்கள் பணியேறி இறங்கும் அலுவலகமான லாபியின் பொறுப்பாளர்களுக்கும், ஓட்டுநர்களை மேற்பார்வையிடும் சீஃப் லோகோ இன்ஸ்பெக்டர்களுக்கும், ரயில்வே மருத்துவர்களுக்கும், ரயில் ஓட்டுநர்களான லோகோ பைலட்டுகளின் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

ரயில்வே குடியிருப்பை ஒட்டிய ஓர் ஊரில் நான் உளநல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். என்னிடம் வருவோரில் லோகோ பைலட்டுகளும், உதவி லோகோ பைலட்டுகளும், பெரும்பாலான வேளைகளில் அவர்களை வற்புறுத்திக் கூட்டிவரும் மனைவிமாரும் உண்டு. அவர்கள் சொன்னவற்றுள் எதையும் ஆளை அடையாளம் காணும்படி இங்கே எழுதவில்லை. பலரிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை மட்டும், ஊரும் வண்டியும் கோட்டமும் குறிக்காமல் எழுதுகிறேன். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடும் வண்டியின் முன் ஒரு மனித உயிர் போய்விட்டால் (ரயில்வேயில் இதை ‘ரன் ஓவர்’ என்பார்கள்), அந்த வண்டியின் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் வாய் திறந்து கேட்காமலேயே, கிரூவை, அதாவது ஓட்டும் குழுவை, மாற்றக்கூடிய அடுத்த இடத்தில் பணியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். அந்த விடுவிப்பு அவர்களுடைய மருத்துவப் பதிவில் ஏறக் கூடாது. அந்தப் பயணத்துக்கு வரவேண்டிய கிலோமீட்டர் படியும் குறையக் கூடாது. இம்மடலின் எஞ்சிய பகுதி இதற்கான காரணங்களும், இதைச் செய்யும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களுமே.

எஞ்சினுக்குள் நடப்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்களில் பலர் அந்த இருக்கையிலிருந்து எழுந்து வந்தவர்கள். ஆனால் உடலையும் மனத்தையும் அறிந்தவரின் கண்ணில் அதே நொடிகள் சற்று வேறு விதமாகத் தெரிகின்றன. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 30 மீட்டர் அளவில் கடக்கிறது. முழு நீள விரைவு வண்டி அந்த வேகத்திலிருந்து எமர்ஜென்சி பிரேக்கில் நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் எடுத்துக்கொள்கிறது. தண்டவாளத்தில் ஓர் ஆள் கண்ணில் பட்டதும் லோகோ பைலட்டுக்கு இருக்கும் வேலைகள் இரண்டுதான்: ஹாரன், பிரேக். பழகிய கைகள் இரண்டையும் ஓரிரு நொடிகளில் முடித்துவிடுகின்றன. அதன்பின் எஞ்சும் நொடிகளில் அவரால் வண்டியைத் திருப்ப முடியாது, இறங்க முடியாது, பார்க்க மட்டுமே முடியும். ஆபத்தைக் கண்ட உடல் ஓடுவதற்கோ போராடுவதற்கோ தன்னை முறுக்கேற்றிக்கொள்கிறது. அந்த முறுக்கு முழுவதும் இருக்கையில் உட்கார்ந்தபடியே கழிய வேண்டியிருக்கிறது. தீயணைப்பு வீரரும் ஆம்புலன்ஸ் ஊழியரும் இதைவிடக் கொடிய காட்சிகளைக் காண்கிறார்கள் என்றாலும், அவர்கள் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. செய்ய ஏதுமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த நொடிகளே பின்னாளில் ஆளை அதிகம் வதைக்கின்றன என்பது என் அறையில் நான் தொடர்ந்து காணும் உண்மை. மோதலைப் பற்றிப் பேசுவோரைவிட, அதற்கு முந்தைய கணத்தைப் பற்றிப் பேசுவோரே அதிகம்.

வண்டி நின்ற பிறகு நடப்பவற்றை விதிமுறை மிகத் துல்லியமாக வகுத்திருக்கிறது. முன்பு கார்டு என்று அழைக்கப்பட்ட ட்ரெயின் மேனேஜருக்கு வாக்கி டாக்கியில் தகவல், நிலையத்துக்குத் தகவல், எஞ்சினின் முன்பகுதியில் சேதம் உண்டா என்ற சோதனை, பிரேக் பைப் அழுத்தம், இருப்புப்பாதைக் காவலருக்கான மெமோ, பிறகு புறப்பாடு. எல்லாம் முடிந்து பிரேக்கை விடுவித்ததும், சில நிமிடங்களுக்கு முன் ஓர் உயிர் போனதைப் பார்த்த அதே இருவர், அடுத்த சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் விழிப்போடு இருக்கிறாரா என்று பார்க்கும் கண்காணிப்புக் கருவிக்கு நிமிடத்துக்கு ஒரு முறை பதில் கொடுத்தாக வேண்டும். பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த மடலில் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்தில் கவனம் சிதறுவதும், காலம் நீண்டோ குறுகியோ தோன்றுவதும், கண் முன் இருப்பதைப் பார்த்தும் பதிவு செய்யாமல் விடுவதும் மனித மூளையின் இயல்பு. இதில் மனவலிமை உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு கிடையாது. இரவு முழுதும் விழித்த ஒருவரை வண்டியில் ஏற்றக் கூடாது என்பதற்கு ஓய்வு விதிகள் உண்டு. ஒரு மரணத்தைக் கண் முன் கண்டவரை அடுத்த இருநூறு கிலோமீட்டருக்கு அனுப்புவதும் அதே வகையைச் சேர்ந்த பாதுகாப்புப் பிரச்சினை.

உதவி லோகோ பைலட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி நின்றதும் லோகோ பைலட் எஞ்சினை விட்டு இறங்குவதில்லை. இறங்கி, டார்ச் அடித்து, முன்பகுதியையும் அடிப்பகுதியையும் பார்ப்பவர் உதவி லோகோ பைலட். இருவரில் வயதில் இளையவர் பெரும்பாலும் அவர்தான். ஐடிஐயோ டிப்ளமோவோ பொறியியலோ முடித்து, போட்டித் தேர்வு எழுதி, வேலைக்கு வந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவராகக்கூட இருப்பார். தன் வீட்டில் நடந்த சாவில்கூடப் பிணத்துக்கு அருகில் போயிராத பிள்ளைகள் உண்டு. இருட்டில், சரளைக் கல்லின் மேல், தனியாக அவர் பார்ப்பதை மேலே இருப்பவர் பார்ப்பதில்லை. திரும்பி ஏறியதும் ‘எல்லாம் சரி, போகலாம்’ என்று சொல்லும் பொறுப்பும் அவருடையதுதான். பின்னர் பேச்சில் அடிபடும் பெயர் வண்டியை ஓட்டியவருடையது. அக்கறையுள்ள மேற்பார்வையாளர்கூட அவரைக் கூப்பிட்டுத்தான் ‘நல்லா இருக்கீங்களா’ என்று விசாரிக்கிறார். என்னிடம் வந்தவர்களில் நீண்ட காலம் துன்பப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்த இளையவர்களே. அதற்கு நேர்மாறான சிக்கல் புறநகர் மின்ரயிலில். கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வரை மக்கள் நாள் முழுதும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் தடத்தில், மோட்டார்மேன் முன் அறையில் தன்னந்தனியாக இருக்கிறார். பக்கத்தில் திரும்பி ஒரு சொல் பேச அவருக்கு ஆள் இல்லை.

இனி, இதனால் எல்லோரும் நோயாளியாகிவிடுகிறார்கள் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். உண்மை அதற்கு மாறானது. இத்தகைய நிகழ்வைச் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் சில நாள்களிலோ சில வாரங்களிலோ தாமாகவே மீள்கிறார்கள். முதல் வாரத்தில் தூக்கம் வராததும், சாப்பாட்டில் கை வைக்க முடியாததும், குக்கர் விசிலுக்குத் திடுக்கிடுவதும், காரணமில்லாமல் பிள்ளைகளிடம் எரிந்து விழுவதும் காயம் ஆறும்போது தோன்றும் வலிகள். அவற்றுக்குப் பெயர் சூட்டி மருந்து எழுத வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஒரு மாதம் கடந்தும் அந்தக் காட்சி தானாகவே வந்து வந்து போனால், அதை நினைவூட்டும் இடத்தையும் ஒலியையும் தவிர்க்க ஒருவர் தன் வாழ்க்கையையே வளைக்கத் தொடங்கினால், எதிலும் ஒட்டாத மரப்பு வந்துவிட்டால், அப்போதுதான் அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளக்கோளாறு என்று கருதிச் சிகிச்சை அளிக்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்நோய் 1980ஆம் ஆண்டு இடம்பெற்றபோது போர்முனையிலிருந்து திரும்பியவர்களே பலரின் நினைவில் இருந்தார்கள். தொழில் காரணமாக மரணத்தின் கொடூரத்தைத் திரும்பத் திரும்பக் காண வேண்டியிருப்பவர்களையும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. நன்கு பரிசோதிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைகள் இதற்கு இருக்கின்றன. காலத்தோடு வந்தவர்கள் பணிக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

ரயில்வேயில் இந்த உளக்காயத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சாலை விபத்தைக் கண்டவர் வேண்டுமானால் அந்தச் சாலையை விட்டுவிட்டு வேறு வழியில் போகலாம். லோகோ பைலட்டுக்கு வேறு வழி கிடையாது. ஒவ்வோர் இடத்துக்கும் கிலோமீட்டர் எண்ணும் மின்கம்ப எண்ணும் எழுதி வைத்திருக்கும் தொழில் இது. அந்த எண் மனத்தில் பச்சை குத்தியதுபோல் பதிந்துவிடுகிறது. அடுத்த டிரிப்பில் அதே கம்பம் வருகிறது. இரண்டு ஸ்டேஷன் முன்பிருந்தே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. தேவையே இல்லாமல் அங்கே நீண்ட ஹாரன் அடிப்பவர்கள் உண்டு. வேகத்தைக் குறைத்துவிட்டு அதற்கு ஏதாவது காரணம் எழுதுபவர்களும் உண்டு. எங்கள் சிகிச்சையிலும் அஞ்சும் இடத்துக்குத் திரும்பிப் போகச் சொல்வதுண்டு. ஆனால் அது அவருடைய சம்மதத்தோடு, படிப்படியாக, துணையோடு நடப்பது. மறுநாளே, தனியாக, விருப்பம் கேட்காமல் அந்த இடத்தைக் கடக்க வைப்பது அச்சத்தைத் தணிக்காமல் இன்னும் ஊன்றச் செய்துவிடுகிறது.

குற்ற உணர்வு இன்னொன்று. ‘இன்னும் ஒரு நொடி முன்னால் பிரேக் போட்டிருந்தால்?’ என்ற கேள்வி ஏறத்தாழ எல்லோரிடமும் வருகிறது. காகிதத்தை எடுத்து, வேகம், தூரம், கண்ணில் பட்ட இடம் எல்லாவற்றையும் எழுதி, ஒரு நொடி முன்னால் போட்டிருந்தாலும் வண்டி நின்றிருக்காது என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்களே அவர்கள்தான், அவர்களுக்குத் தெரியாததா? ஆனாலும் குற்ற உணர்வு கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. என் தவறு என்று நினைத்துக்கொண்டால், நான் கவனமாக இருந்தால் இனி இது நடக்காது என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். என் கையில் எதுவுமே இல்லை என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கும் இது நடக்கலாம் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஆகையால் பலர் குற்ற உணர்வையே விரும்பிப் பற்றிக்கொள்கிறார்கள். இத்தகைய மனநிலையில் இருப்பவரிடம் லாபியில் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘ஹாரன் அடிச்சீங்களா, என்ன ஸ்பீடு?’ என்றிருந்தால் அது எப்படிக் காதில் விழும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்வி கேட்கப்படத்தான் வேண்டும். ஸ்பீடோமீட்டர் பதிவு அதற்கு விடை சொல்லிவிடும். மனிதரிடம் முதலில் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன.

இப்போது மௌனத்துக்கு வருகிறேன். ‘யாரும் வந்து குறை சொல்லவில்லையே, அப்படியானால் பிரச்சினை இல்லை என்றுதானே பொருள்?’ என்று ஓர் அதிகாரி என்னிடம் நல்லெண்ணத்தோடு கேட்டார். யாரும் சொல்லாததற்குக் காரணம், சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. லோகோ பைலட், வண்டி ஓட்டத் தேவையான ஏ-1 மருத்துவத் தகுதியில் இருந்தாக வேண்டும். 45 வயது வரை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, 55 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும் பரிசோதனை. அந்தத் தகுதி போனால் வேலை போகாது, உண்மைதான். பணிக்காலத்தில் இயலாமை அடைந்த ஊழியரை நீக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது, மாற்றுப்பணியும் கிடைக்கும். ஆனால் ஓடிய கிலோமீட்டருக்குக் கிடைத்த படி நின்றுவிடும். வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அந்தப் படியை நம்பித்தான் போடப்பட்டிருக்கும். அதைவிடப் பெரிது, ‘டீகேட்டகரைஸ்’ ஆனவர், அதாவது தகுதி இறக்கப்பட்டவர் என்ற பேச்சு. ‘தூக்கம் வரவில்லை, கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது’ என்று ரயில்வே மருத்துவமனையில் ஒரு வாக்கியம் சொன்னால் அது கோப்பில் ஏறி எங்கே போய் நிற்கும் என்பது தெரியாதபோது, எந்தக் குடும்பத் தலைவர் அந்த வாக்கியத்தைச் சொல்வார்? ஆகவே அவர்கள் ஊர் தள்ளி, தனியாரிடம், கையிலிருந்து பணம் கொடுத்து வருகிறார்கள். வராதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். சிலர் ஓய்வு நாளில் தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கி, பணியேறும் ‘சைன் ஆன்’ நேரத்தில் மூச்சுப் பரிசோதனையில் சிக்கிக்கொள்கிறார்கள். அப்போது கோப்பில் பதிவாவது குடி மட்டும்தான், அதற்கு முந்தைய கதை எங்கும் பதிவாவதில்லை. சிலர் மருந்துக் கடையில் தெரிந்தவரிடம் தூக்க மாத்திரை வாங்குகிறார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளை அதற்குச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியிருக்கிறது. வண்டி ஓட்டுபவருக்கு அந்த மாத்திரையின் மறுநாள் மந்தம் கூடுதலான ஆபத்து.

இதனால்தான் ‘கேட்டால் ஓய்வு தருகிறோம்’ என்ற ஏற்பாடு போதாது என்கிறேன். லாபியில் மனமுள்ள ஒரு கிரூ கன்ட்ரோலர் அன்று பணியில் இருந்தால் அவரே பார்த்து ஆளை மாற்றிவிடுகிறார் என்று நன்றியோடு சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது அவருடைய குணத்தைப் பொறுத்தது. ‘முடியவில்லை’ என்று தானே சொல்ல வேண்டிய நிலை வந்தால், பத்தில் ஒன்பது பேர் ‘முடியும்’ என்றே சொல்வார்கள். ஓட்டுநர்கள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் மூத்தவர்கள் ‘எத்தனையோ பார்த்தாச்சுப்பா, ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்று சொல்வது இளையவருக்குத் தைரியம் கொடுக்கத்தான். அவர்களும் தங்கள் காலத்தில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தவர்களே. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு, மூன்றாம் நாளும் சரியாகாதவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? விடுவிப்பு விதியாக இருந்தால் யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரும் மறுக்க வேண்டியதும் இல்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இத்தகைய நிகழ்வுக்குப் பின் ஓட்டுநரைப் பணியிலிருந்து விடுவிப்பது வழக்கம். நம்மிடம் ஒற்றைத் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் காத்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். நடுக்காட்டில் வண்டியைப் போட்டுவிட்டு மாற்று ஆளுக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை. அடுத்த கிரூ மாற்றும் நிலையம் வரை என்பதே என் கோரிக்கை. அதுவரையிலும்கூட வேகத்தைச் சற்றுக் குறைத்து ஓட்ட அனுமதியும், அதனால் ஏற்படும் தாமதத்துக்கு விளக்கம் கேட்கப்படாது என்ற உறுதியும் வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். அது உண்மை, நிரப்பப்படாத இடங்களைப் பற்றிச் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகப் பேசிவருகின்றன, அதை இந்த மடலால் தீர்க்க முடியாது. ஆனால் இந்த விடுவிப்புக்குத் தேவைப்படும் ஆள்களை, திடீர்க் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் லாபி எப்படி ஏற்பாடு செய்கிறதோ அப்படித்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. எதைத் தவறாகப் பயன்படுத்துவது? மெமோ இல்லாமல், காவல்துறைப் பதிவு இல்லாமல் இப்படி ஒரு நிகழ்வைச் சொல்லிக்கொண்டு ஒருவர் ஓய்வு பெற முடியாதே.

விடுவித்தால் மட்டும் போதாது, விடுவித்த விதமும் முக்கியம். வெளியூர் ரன்னிங் ரூமில் ஒரு கட்டிலைக் காட்டி ‘படுங்க’ என்று விட்டுவிடுவது சில வேளைகளில் வண்டி ஓட்ட வைப்பதைவிட மோசமாக முடியும். தனிமையில், இருட்டறையில், அந்தக் காட்சியோடு விடிய விடியக் கிடப்பதற்கு ஓய்வு என்று பெயர் வைக்க முடியாது. முதலில் குளிக்க வெந்நீரும் மாற்றுத் துணியும். சாவைத் தொட்டுவிட்டுத் தலை முழுகாமல் சோற்றில் கை வைக்க நம்மவர்களுக்கு மனம் வராது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம், அந்தக் குளியல் உடலுக்கு ‘முடிந்தது’ என்று சொல்லும் ஒரு வழி. பிறகு சூடாக ஏதாவது உணவு, வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பக்கத்தில் பேச்சை வற்புறுத்தாத ஒரு சக ஊழியர். முடிந்தால் அன்றே ஸ்பேரில், அதாவது வண்டி ஓட்டாமல் பயணியாக, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். துணையாக ஒருவர் கூடவே போகட்டும்.

பேச்சை வற்புறுத்தாத என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அக்கறையின் மிகுதியில், எங்கள் துறையே முன்பு செய்த ஒன்று இது: நிகழ்வு நடந்த ஓரிரு நாள்களுக்குள் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து விரிவாகச் சொல்ல வைப்பது. அத்தகைய ஒற்றை அமர்வுகளை ஆராய்ந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு, அவை பின்னாளைய உளக்கோளாற்றைத் தடுப்பதில்லை என்றும் சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்றும் 2002ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஆகவே ‘ரன் ஓவர் ஆனால் கட்டாய கவுன்சலிங்’ என்று ஒரு சுற்றறிக்கை போட்டு மனநிறைவு அடைந்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மிக எளியது: ஆளின் நிலையைப் பார், அவர் பேச விரும்பினால் கேள், தேவைப்படும் உதவியோடு இணைத்துவிடு. இதற்கு என் போன்றவர்கள் தேவையில்லை. லாபியில் உள்ளவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி அளித்தால் போதும். நாங்கள் தேவைப்படுவது நான்கு வாரங்கள் கழித்து, அப்போதும் ஆறாதவர்களுக்கு. அந்த நான்காம் வாரத்தில், விசாரணைக்காக இல்லாமல், தகுதியைச் சோதிக்கவும் இல்லாமல், ஒரு தொலைபேசி அழைப்பு எல்லோருக்கும் போக வேண்டும். அந்த உரையாடலை நடத்துபவர் ஏ-1 சான்று கொடுக்கும் மருத்துவராக இருக்கக் கூடாது. மனநல உதவி தேடுபவரின் தகவல்களைக் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஏற்கெனவே தந்திருக்கிறது. அந்த உரிமை ரயில்வே வளாகத்துக்குள்ளும் செல்லும் என்று எழுத்தில் அறிவித்தாலே பாதிப் பேர் பேச வருவார்கள். உடனடிப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் தளர்த்தப்படும் என்பதையும் அதே அறிவிப்பில் ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

திரும்பி வரும் முதல் டிரிப்பில் சீஃப் லோகோ இன்ஸ்பெக்டர் கூட வரட்டும். எஞ்சினில் ஏறி உடன் செல்வது ஏற்கெனவே அவர் பணியின் ஒரு பகுதி. இதற்குப் புதிய பதவியும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். அந்தக் கம்பத்தைக் கடக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதும், அவர் குறிப்பேட்டை எடுக்காமல் இருப்பதும் போதுமானது. பெரும்பாலான லோகோ பைலட்டுகள் சீக்கிரம் வண்டிக்குத் திரும்பவே விரும்புகிறார்கள். நீண்ட விடுப்பு அவர்களுக்கு நல்லதும் இல்லை. நாள் கணக்கைப் பொதுவாக நிர்ணயிக்காமல், இரண்டு அல்லது மூன்று நாளில் தொடங்கி, ஆளைப் பார்த்து முடிவு செய்வதே சரி என்பது என் கருத்து.

உதவி லோகோ பைலட்டாகத் தேர்வு பெறுவதற்கு ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓ வகுத்த கணினிவழி உளவியல் திறன் தேர்வைக் கடக்க வேண்டும். அதன் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் (தரப்படுத்திய மதிப்பெண்) வேண்டும், எந்தப் பிரிவினருக்கும் அதில் தளர்வு கிடையாது. நினைவாற்றல், தூரம் கணித்தல், கவனம், வேகமாகக் கண்டறிதல் என்று ஒருவரின் மனத்தை இவ்வளவு நுட்பமாக அளந்து உள்ளே எடுக்கும் நிறுவனத்திடம், அந்த மனம் அடிபடும்போது கவனிக்கும்படி கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. அந்த உளவியல் அறிவு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

குடும்பங்களுக்காக நீங்கள் நடத்தும் கருத்தரங்குகளைப் பற்றி ஒரு சொல். வீட்டில் அமைதி காப்பது, பகல் தூக்கத்தைக் கெடுக்காமலிருப்பது பற்றி மனைவிமாருக்கு அங்கே சொல்லப்படுகிறது, நல்லதுதான். ஆனால் பல வீடுகளில் அன்று என்ன நடந்தது என்பதே மனைவிக்குத் தெரியாது. வாசலிலேயே நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தவர் ஏன் ஒரு வாரமாகப் பேசவில்லை என்று தெரியாமல், வேறு ஏதேதோ சந்தேகங்களோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. நாள்பட எரிச்சல், மரப்பு, தூக்கத்தில் அலறல், குடி ஆகியவற்றை எப்போது சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம், எப்போது உதவி தேட வேண்டும் என்பதை அதே கருத்தரங்கில் அரை மணி நேரம் சொல்லலாம். இறந்தவர் யாரென்றே தெரியாமல் அவருக்காகக் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றிவிட்டு வந்ததும் மனம் லேசானது என்று சொன்னவர்களும் உண்டு. நான் அதைத் தடுப்பதில்லை. எந்தச் சடங்கு ஒருவருக்கு அந்த மரணத்தைத் துக்கமாக மாற்றிக்கொள்ள உதவுகிறதோ அது அவருக்கு நல்லது.

இந்த மடலை லோகோ பைலட்டுகளோடு நிறுத்திக்கொண்டதற்கு இடமின்மை ஒன்றே காரணம். தடத்திலிருந்து உடலை எடுக்கும் டிராக்மேனும், இருப்புப்பாதைக் காவலரும், நிலைய அதிகாரியும், கேட்கீப்பரும் இதே வட்டத்துக்குள் இருக்கிறார்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பம் கடவுப்பாதையில் பள்ளி வாகனத்தின் மீது ரயில் மோதி மாணவர்கள் மூவர் இறந்தபோது, நாமெல்லோரும் கேட் மூடியிருந்ததா, கேட் மூடினால்தான் சிக்னல் விழும் இன்டர்லாக்கிங் இருந்ததா என்று பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் முன்கண்ணாடி வழியே அதைப் பார்க்க நேர்ந்தவர்களுக்கு அன்றிரவு எப்படிக் கழிந்திருக்கும் என்ற பேச்சு என் காதில் விழவில்லை. மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் இடையே யானை அடிபட்ட செய்திகள் வரும்போதும் அப்படியே. வண்டியை ஓட்டியவர் மீது கோபம் பாய்கிறதே தவிர, அவரும் அந்த யானைக்காக அழுதிருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சங்கங்களின் பொறுப்பாளர்களே, பணி நேரம், வாராந்திர ஓய்வு, எஞ்சினில் கழிப்பறை என்று நீங்கள் எழுப்பும் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் விதி வகுக்கும் வரை காத்திராமல் நீங்களே செய்யக்கூடிய ஒன்று உண்டு: ஒவ்வொரு லாபியிலும், இதைக் கடந்து வந்த மூத்தவர்களில் பேசத் தயங்காத இருவரின் பெயரை எழுதி ஒட்டுங்கள். என்னிடம் பத்து அமர்வுகளில் கிடைக்காத ஒன்று அவர்களிடம் ஒரு டீயில் கிடைக்கும். இதைப் படிக்கும் லோகோ பைலட் எவரேனும் இப்போதே தாங்க முடியாத நிலையில் இருந்தால், அல்லது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்கேனும் வந்தால், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டு அரசின் 104 ஆகிய எண்களில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கோட்ட அதிகாரிகளிடம் கடைசியாக ஒன்று. விடுவிப்பு ஆணைக்கு ஒரு படிவம் தயாரிப்பீர்கள் என்றால், அதில் பெயர் எழுத இரண்டு வரிகள் விடுங்கள். முதல் வரியில் உதவி லோகோ பைலட்டின் பெயர் வரட்டும்.

இப்படிக்கு,
ரயில்வே குடியிருப்பருகே பணிபுரியும் ஓர் உளநல ஆலோசகர்